இடது காது

பேனரில் உன் பெயரை
யோகாராணி என்று அடித்துவிட்டார்கள்.
ஒரு கால் கூடுதல்.
அண்ணாந்து பார்த்துவிட்டு
"இருக்கட்டும், லால்ரின்மா சாருக்கு உதவும்" என்றாய்.
சிரிக்கலாமா என்று தெரியாமல்
கொழுந்துச் சாக்கை உதறி விரித்தேன்.

பெரட்டுக் களத்தில்தான் மேடை.
காலை ஏழு மணிக்கு நம்மை எண்ணும் அதே இடம்.
இங்கே இதைப் பரேடு என்கிறார்கள்,
எண்ணுகிற ஆள் மட்டும்தான் வேறு என்று
முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய்.

மூன்று நாற்காலி.
ஒலிபெருக்கிப் பெட்டி இடது ஓரம்.
நடு நாற்காலிக்குக் கூப்பிட்டார்கள்.
நீயோ பெட்டியை ஒட்டிய கோடிக்குப் போய்
இடது காதை அதற்குக் கொடுத்து உட்கார்ந்தாய்.
என்ன அடக்கம் என்று கைதட்டினார்கள்.
எனக்கல்லவா தெரியும்,
அந்தக் காது கிழக்கே ஒரு மலைச்சாலையில்
மார்ச் மாதம் அணைந்துபோனது.

வீரமங்கை என்றார் தாசில்தார்.
சிங்கம் என்றார் யூனியன் தலைவர்.
செத்துப்போன ராணிகள் நாலு பேரைக்
குதிரையோடு மேடையேற்றினார் இன்னொருவர்.
பூட்டிய ஃபேக்டரிக் கதவில்
மழை அடிப்பதுபோல அடித்தது எல்லாம்.
வலது காது எங்கள் பக்கம் இருந்தது:
தகரக் கூரைச் சொட்டு,
உன் அப்பா மருதையின் இருமல்,
"துப்பாக்கி கொண்டாரலையா?" என்ற என் மகன்.
அவனைப் பார்த்து இல்லையென்று நீ தலையாட்ட,
தனக்குத்தான் அது என்று நினைத்து
பேச்சு தடுமாறிப் போனார் தாசில்தார்.

நாட்டுக்காக, நாட்டுக்காக என்றார்கள்.
எந்த நாடு என்று கேட்டு
மூன்று மாதம் பந்தலூருக்கு உன்னை நடக்கவிட்ட
அந்தச் சான்றிதழ் ஞாபகம் வந்தது எனக்கு.
ஆறு வயதில் கப்பலேறிய மருதையிடம்
இன்னும் இரண்டு பெட்டி நிறையக் காகிதம்.
லைன் வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் நோட்டீஸ்
போன வாரம்தான் வந்தது.
அதில் கையெழுத்திட்ட கை
இன்று உனக்குச் சால்வை போர்த்தியது.

நடந்ததைச் சொல் என்று யாரும் கேட்கவில்லை.
எனக்கு நீ சொன்னது முந்தாநாள், அடுப்படியில்:
முன் வண்டி எரிஞ்சுது.
சிறுபாலத்துக்கு அடியில அவரை இழுத்துக்கிட்டுப் போனேன்,
கால் அதுக்கு முன்னயே போயிருந்துச்சு.
நாற்பது நிமிஷம். எண்ணி எண்ணிச் சுட்டேன்.
நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை
கிலோவில கை வைப்பான்னு
மனசுக்குள்ள நாம தனிக் கணக்கு வச்சிருப்போமே,
அந்தப் பழக்கம்.
முடிஞ்சப்போ பதினொண்ணு மிச்சம்.
பயமா?
கழுத்தில ஏறின அட்டையைக்கூடத் தட்டலை, போடி.

மைக்கை நீட்டினார்கள்.
இரண்டு பெயர் சொன்னாய்.
நம் வாயில் நுழையாத பெயர்கள். அதனால்
மெதுவாக, எழுத்துக் கூட்டி, இரண்டாம் தடவையும்.
"இவங்க வரலை" என்றாய்.
உட்கார்ந்துவிட்டாய்.
கைதட்ட வேண்டுமா என்று கூட்டம் யோசித்தது.
அவசரமாகக் குக்கர் ஒன்றைக் கொடுத்து முடித்தார்கள்.

திரும்பும்போது இருட்டு.
ஆனை இறங்கியிருக்கிறது என்று டார்ச் உன் கையில்.
நான் உன் இடப்பக்கம் நடந்தேன்,
வேண்டுமென்றேதான்.
ஆளெடுப்பில் இரண்டு பேரும் சேர்ந்து ஓடினோம்,
நீ தேறினாய், நான் இரண்டு சென்டிமீட்டர் குட்டை.
பத்து வருஷம் அந்த இரண்டு சென்டிமீட்டரைத் திட்டினேன்.
மார்ச்சில் செய்தி வந்த ராத்திரி
அதற்கு நன்றி சொன்னேன்,
சொன்னதற்காக விடியும்வரை அழுதேன்.
இதை அந்த அணைந்த காதில் போட்டுவிட்டு
பாரம் இறங்கியதாக நடந்தேன்.

நீ திரும்பவில்லை.
தண்ணீர்த் தொட்டி தாண்டி
இன்னும் பத்து நிரை தூரம் போனோம்.
பிறகு டார்ச்சைக் கை மாற்றிக்கொண்டு
என்னைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தாய்.

"இப்ப சொல்லு."